நன்கொடை போதும், சந்தா கட்டுங்கள்: செல்வ நாடுகளின் அரசுகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அரசுப் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம்.

அகதிகளுக்கு உதவுவதாக அரசுகள் உறுதிமொழி கொடுக்கும் உலக அகதிகள் மன்றம் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடுகிறது. 2019 டிசம்பரில் ஜெனீவாவில் கூடியது, 2023 டிசம்பரில் மறுபடியும் அங்கேயே கூடியது. இரண்டு முறையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுதிமொழிகள் பதிவாயின. அடுத்தது 2027-ல். நீங்கள் மேடையேறியதும் எப்படித் தொடங்குவீர்கள் என்பது எனக்கு ஏறக்குறையத் தெரியும். அடைக்கலம் கொடுத்த நாடுகளின் பெருந்தன்மையைப் பாராட்டித்தான் தொடங்குவீர்கள். அந்தப் பாராட்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதைக் கேட்டுக் கேட்டு அந்த நாடுகளுக்கு அலுத்துப்போய்விட்டது. பாராட்டும் நன்கொடையும் போதும், அகதிகளுக்கான செலவைக் கட்டாயச் சந்தாவாகப் பங்கு போட்டுக் கட்டுங்கள் என்பதுதான் நான் கேட்பது.

ஆப்பிரிக்காவில் சூடானுக்கு மேற்கே இருக்கும் சாட் நாட்டை எடுத்துக்கொள்வோம். 2023 ஏப்ரல் 15 அன்று சூடானில் ராணுவத்துக்கும் துணை ராணுவப் படைக்கும் சண்டை மூண்டது. சூடானின் மேற்குப் பகுதியான டார்ஃபூரின் மக்கள் இன்னும் மேற்கே ஓடினார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கழுதை வண்டியிலும் கால்நடையாகவும் எவ்வளவு தூரம் ஓட முடியும்? எல்லை வரைக்கும்தான். எல்லையைத் தாண்டியதும் சாட்டில் அத்ரே என்று ஒரு சின்ன ஊர். சில மாதங்களிலேயே ஊர்க்காரர்களைவிட வந்தவர்கள் பல மடங்கு ஆகிவிட்டார்கள். சாட் உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. அதோடு, 2003-ல் தொடங்கிய முந்தைய டார்ஃபூர் போரில் ஓடிவந்த லட்சக்கணக்கானவர்களை ஏற்கெனவே இருபது ஆண்டுகளாக வைத்துக்கொண்டிருந்த நாடு. இப்போது மொத்தம் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. இத்தனை பேரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு சாட்டுக்கு எப்படி வந்தது? சூடானுக்குப் பக்கத்தில் இருப்பதைத் தவிர அது வேறு எதுவும் செய்யவில்லை.

2024 இறுதியில் ஐ.நா. அகதிகள் அலுவலகம் எடுத்த கணக்குப்படி, வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்தவர்கள் உலகில் 12 கோடியே 32 லட்சம் பேர். அதில் பெரும்பகுதி, அதாவது 7 கோடியே 35 லட்சம் பேர், சொந்த நாட்டுக்குள்ளேயே அலைகிறவர்கள். எல்லை தாண்டிய அகதிகள் 4 கோடியே 27 லட்சம். இவர்களில் 67 சதவீதம் பேர் பக்கத்து நாட்டோடு நின்றுவிட்டவர்கள். 73 சதவீதம் பேர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள். உங்கள் தேர்தல் மேடைப் பேச்சுகளை மட்டும் கேட்கிறவர், உலகமே கிளம்பி உங்கள் கடற்கரையில் வந்து இறங்குவதாக நினைத்துக்கொள்வார். உண்மையில் நாலில் மூன்று பேர் உங்கள் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

இது எப்படி இவ்வளவு கோணலாக ஆயிற்று? சட்டத்திலேயே கோணல் இருக்கிறது. 1951 ஜூலையில் நிறைவேறிய அகதிகள் ஒப்பந்தத்தின் 33-வது பிரிவு, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து உள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. இது கட்டாயம். அதே ஒப்பந்தத்தின் முகவுரையில் இன்னொன்றும் இருக்கிறது. தஞ்சம் கொடுப்பதால் சில நாடுகள்மேல் அளவுக்கு மீறிய சுமை விழலாம், பன்னாட்டு ஒத்துழைப்பு இல்லாமல் அதற்குத் தீர்வு கிடையாது என்று அது ஒப்புக்கொள்கிறது. சரி, அந்த ஒத்துழைப்பை யார் செய்வது, எவ்வளவு செய்வது, செய்யாவிட்டால் என்ன? அப்புறம் வரும் 46 பிரிவுகளையும் புரட்டினாலும் பதில் கிடையாது. முகவுரையில் சொன்னது முகவுரையோடு போயிற்று.

ஆக, வாசலுக்கு வந்தவரை விரட்டக் கூடாது என்பது சட்டம், யாருடைய வாசலோ அவர் பாடு என்பது நடைமுறை. இதன் விளைவை உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. கடமை வாசலில்தான் தொடங்குகிறது என்றால், ஆளை வாசலுக்கே வரவிடாமல் செய்வதுதான் லாபம். விசா இல்லாதவரை ஏற்றி வந்தால் விமான நிறுவனத்துக்கு அபராதம், நடுக்கடலில் படகை மறிக்கும் ரோந்து, வழியில் உள்ள நாட்டின் கடலோரக் காவல்படைக்குப் பணமும் பயிற்சியும். சட்டத்தை வெளிப்படையாக மீறாமல் சட்டத்திலிருந்து தப்பிக்க எத்தனை மூளைகள் வேலை செய்திருக்கின்றன என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. சாட்டுக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. அதன் வாசலுக்கும் சூடானுக்கும் நடுவே கடலும் இல்லை, விமான நிலையமும் இல்லை.

இன்னொரு வேடிக்கை. அகதிகளைப் பெருமளவில் தாங்கிய நாடுகளில் பல அந்த 1951 ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாதவை. 1971-ல் சில மாதங்களுக்குள் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் வந்தார்கள். இந்தியா அன்றும் கையெழுத்திடவில்லை, இன்றும் இல்லை. சிரியப் போரின் உச்சத்தில், லெபனானில் இருந்தவர்களில் நாலு பேருக்கு ஒருவர் அகதி. லெபனானும் ஜோர்டானும் கையெழுத்திடாதவை. ஆப்கானியர்களை 1979 முதல் வைத்திருந்த பாகிஸ்தானும், 2017 ஆகஸ்டுக்குப் பிறகு மியான்மரிலிருந்து ஓடிவந்த ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்களுக்கு இடம் கொடுத்த வங்கதேசமும் அப்படியே. ஒப்பந்தத்தை எழுதி, அதன் ஆண்டுவிழாக்களில் உரையாற்றுகிற உங்களுக்கு இது கொஞ்சம் உறுத்த வேண்டும்.

இதைச் சரிசெய்யத்தான் 2018 டிசம்பர் 17 அன்று ஐ.நா. பொதுச்சபை அகதிகளுக்கான உலகளாவிய உடன்படிக்கையை ஏற்றது. ஆதரவு 181 நாடுகள். எதிர்த்தவை அமெரிக்காவும் ஹங்கேரியும் மட்டுமே. சுமையையும் பொறுப்பையும் பகிர்ந்துகொள்வதே அதன் உயிர்நாடி என்று சொன்னார்கள். நல்லது. ஆனால் அதன் நாலாவது பத்தியிலேயே, இது சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது என்று எழுதிவைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு நாடும் தன் பங்கைத் தானே முடிவு செய்துகொள்ளலாமாம். எல்லாரும் சேர்ந்து தேர் இழுப்போம், வடத்தைத் தொடுவது மட்டும் அவரவர் இஷ்டம்.

சரி, இனி பணத்துக்கு வருகிறேன். இந்த மடலின் மையம் அதுதான்.

அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையர் அலுவலகத்தை 1950 டிசம்பரில் தொடங்கியபோது அதற்கு மூன்றே ஆண்டு ஆயுள் கொடுத்தீர்கள். முதல் ஆண்டு பட்ஜெட் 3 லட்சம் டாலர். அப்போதே அதன் சட்டவிதியின் 20-வது பத்தியில் ஒரு வரியைச் சேர்த்தீர்கள். நிர்வாகச் செலவுக்கு மட்டும் ஐ.நா.வின் பொது பட்ஜெட்டிலிருந்து பணம் வரும், மற்ற எல்லாச் செலவும் விருப்ப நன்கொடையில்தான் நடக்க வேண்டும் என்பது அந்த வரியின் சாரம். மூன்று ஆண்டு ஆயுள் எழுபத்தைந்து ஆண்டைத் தொட்டுவிட்டது. அகதிகள் பிரச்சினை தீரும்வரை அலுவலகம் இருக்கட்டும் என்று 2003-ல் காலவரம்பையும் எடுத்துவிட்டீர்கள். அந்த 20-வது பத்தி மட்டும் அப்படியே இருக்கிறது.

அதனால் என்ன நடக்கிறது என்பதற்கு வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களைப் பார்த்தாலே போதும். அங்கே ஒரு ரோஹிங்கியா அகதியின் மாத உணவுக்கு ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் கொடுத்துவந்தது 12 டாலர். நன்கொடை வரத்துக் குறைந்ததால் 2023 மார்ச்சில் அது 10 டாலராயிற்று, ஜூனில் 8 டாலராயிற்று. எட்டு டாலரை முப்பது நாளுக்கும் மூன்று வேளைக்கும் வகுத்துப் பாருங்கள். ஒரு வேளைக்கு 9 சென்ட்கூட வராது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். 2025 மார்ச்சில் 6 டாலராகக் குறையப் போகிறது என்று அறிவிப்பு வந்து, கடைசி நேரத்தில் அந்த வெட்டு நின்றது. முகாமில் இருப்பவர் வெளியே போய் வேலை பார்க்க அனுமதி இல்லை என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். எங்கோ ஒரு தலைநகரில் ஒரு தேர்தல் முடிவு மாறினால், இங்கே ஒரு பிள்ளையின் தட்டு மாறுகிறது. 2025-ல் அகதிகள் அலுவலகமே ஏறக்குறைய 3,500 பணியிடங்களைக் குறைத்தது. அந்த ஆண்டில் அகதிகள் தேவையெல்லாம் திடீரென்று தீர்ந்துவிட்டதா என்ன?

இன்னொரு தொல்லையும் உண்டு. கொடுக்கிற பணத்திலும் பெரும்பகுதியை இந்த நாட்டுக்கு மட்டும், இந்தத் திட்டத்துக்கு மட்டும் என்று கயிறு கட்டித்தான் கொடுக்கிறீர்கள். தொலைக்காட்சியில் எந்தப் போர் ஓடுகிறதோ அதற்குப் பணம் கொட்டும். காங்கோவிலிருந்தும் தெற்கு சூடானிலிருந்தும் ஓடியவர்களுக்கு ஆண்டுக்கு ஆண்டு மிச்சம் மீதிதான்.

இப்போது அதே ஐ.நா.வின் இன்னொரு செலவைப் பாருங்கள். சாசனத்தின் 17-வது பிரிவுப்படி அமைப்பின் செலவை உறுப்பு நாடுகள் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். அமைதிப்படைச் செலவையும் இப்படியே வசூலிக்கிறீர்கள். எந்த நாடு எவ்வளவு என்பதற்கு ஒரு விகிதப் பட்டியல் இருக்கிறது. தேசிய வருமானம், தலா வருமானம், கடன் சுமை எல்லாம் பார்த்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதைத் திருத்துகிறார்கள். பொது பட்ஜெட்டில் எந்த நாடும் 22 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டாம், மிகப் பின்தங்கிய நாடுகள் 0.01 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டாம். இரண்டு ஆண்டுத் தொகைக்குச் சமமாகப் பாக்கி வைத்தால் 19-வது பிரிவுப்படி பொதுச்சபையில் வாக்குரிமை போகும்.

அதாவது, உலகச் செலவைப் பணக்காரரும் ஏழையும் எப்படிப் பங்கு போடுவது என்பதற்கான வாய்ப்பாடு பல பத்தாண்டுகளாக உங்கள் கையிலேயே இருக்கிறது. சண்டையை நிறுத்தப் போகிற சிப்பாயின் சம்பளத்துக்கு அது பொருந்துகிறது. அதே சண்டையிலிருந்து தப்பி வந்தவரின் சாப்பாட்டுக்கு மட்டும் ஏன் பொருந்தாமல் போனது? இந்தக் கேள்விக்கு நியாயமான பதில் எதையும் நான் எங்கேயும் படித்ததில்லை.

அகதிகளுக்கான நன்கொடையை இப்படிச் சந்தா என்று பெயர் மாற்றிவிட்டால் பணம் தானாக வந்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும். அமைதிப்படைக் கணக்கிலேயே பெரிய நாடுகள் பாக்கி வைக்கின்றன, தாமதிக்கின்றன. ஆனால் பாக்கி என்று ஒன்று இருப்பதே பெரிய வித்தியாசம். நன்கொடையைக் குறைத்தவரை யாரும் கடன்காரர் என்று சொல்ல முடியாது. சந்தாவைக் கட்டாதவர் பெயர் பட்டியலில் இருக்கும். பட்டியலில் இருப்பதைக் கேட்டு வாங்க ஒரு வழியாவது உண்டு.

உங்கள் தரப்பில் சொல்லக்கூடியதையும் கேட்டுவிடுகிறேன். நாங்களும்தானே ஏற்றுக்கொண்டிருக்கிறோம் என்பீர்கள். உண்மை. ஜெர்மனியில் 2024 இறுதியில் 27 லட்சம் அகதிகள். ஈரான், துருக்கி, கொலம்பியாவுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். 2022 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம், 2001 முதல் தூசி படிந்து கிடந்த தற்காலிகப் பாதுகாப்பு நெறிமுறையை முதல்முறையாக எடுத்து, உக்ரைன் மக்களுக்கு ஒரே அடியில் தங்கும் உரிமையும் வேலை உரிமையும் கொடுத்தது. நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பயனடைந்தார்கள். முகாம் இல்லை, பல ஆண்டு விசாரணை இல்லை, விரும்பிய நாட்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பா ஒன்றும் இடிந்து விழுந்துவிடவில்லை. இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். கூடவே ஒன்றையும் குறித்துக்கொள்கிறேன்: மனம் இருந்தால் சில நாட்களில் முடிகிற காரியம் இது என்று நீங்களே காட்டிவிட்டீர்கள். 2015-ல் இத்தாலியிலும் கிரீசிலும் இருந்து 1,60,000 பேரைப் பிரித்துக்கொள்வோம் என்று இதே ஒன்றியம் முடிவெடுத்து, ஏறக்குறைய 35,000 பேரோடு நிறுத்திக்கொண்டது என்பதும் நினைவுக்கு வருகிறது.

அந்த வரவேற்புக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தங்கள் நாட்டுக்கு வந்த அகதிகளுக்கு முதல் 12 மாதம் ஆகும் செலவை, வெளிநாட்டு வளர்ச்சி உதவி என்று கணக்கெழுத உங்கள் விதிகளே இடம் கொடுக்கின்றன. 2022-ல் செல்வ நாடுகளின் மொத்த உதவித் தொகையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு இப்படிச் சொந்த நாட்டுக்குள்ளேயே செலவானது. பிரிட்டனில் அந்த ஆண்டு இது பத்தில் மூன்று பங்கை நெருங்கியது. வந்தவரை நன்றாகத் தங்கவையுங்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் உங்கள் ஊர் விடுதி வாடகையை ஆப்பிரிக்க வளர்ச்சி நிதியிலிருந்து எடுத்தால், சாட்டுக்குப் போக வேண்டிய பணத்தில்தானே கை வைக்கிறீர்கள்?

பணம் கொடுத்துத் தூரத்தில் நிறுத்திவைக்கிற ஒப்பந்தங்களையும் பொறுப்புப் பகிர்வு என்றே அழைக்கிறீர்கள். 2016 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் துருக்கியோடு செய்ததற்கு 600 கோடி யூரோ. அதில் பள்ளிக்கூடங்களும் மருத்துவமும் உண்மையாகவே நடந்தன, மறுக்கவில்லை. ஆனால் அது மனிதரை விலைபேசும் பழக்கத்தையும் கற்றுக்கொடுத்தது. 2020 தொடக்கத்தில் துருக்கி கிரேக்க எல்லையைத் திறந்துவிட்டது. 2021 மே மாதம் மொராக்கோ தன் காவலைத் தளர்த்த, இரண்டே நாளில் சுமார் 8,000 பேர் அதை ஒட்டியுள்ள ஸ்பெயின் நகரமான சியூட்டாவுக்குள் நீந்தியும் நடந்தும் வந்தார்கள். பேரம் பேசக் கற்றுக்கொடுத்தவர்கள் பேரத்தைக் கண்டு ஆச்சரியப்படக் கூடாது.

இதைவிட மோசமான கூத்தும் உண்டு. 2022 ஏப்ரலில் பிரிட்டன், தஞ்சம் கேட்டு வருகிறவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பப் போவதாக அறிவித்தது. 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. 2024 ஜூலையில் புதிய அரசு திட்டத்தையே தூக்கிப்போட்டது. அதுவரை ஆன செலவு 70 கோடி பவுண்டு என்று அந்த அரசே கணக்குச் சொன்னது. போனவர்கள் நான்கு பேர், அவர்களும் விருப்பப்பட்டுப் போனவர்கள். தலைக்கு 17 கோடியே 50 லட்சம் பவுண்டு. இந்தக் கணக்கைக் காக்ஸ் பஜாரின் 8 டாலரோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பணம் இல்லை என்ற பேச்சு எடுபடாது. ஆஸ்திரேலியாவும் 2014-ல் கம்போடியாவுக்கு 4 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுத்து பசிபிக் தீவு நாடான நவ்ருவில் வைத்திருந்த அகதிகளை அனுப்பப் பார்த்தது. போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பகிர்ந்துகொண்டதற்கு முன்மாதிரியே இல்லையா என்றால், இருக்கிறது. 1956-ல் ஹங்கேரியிலிருந்து ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் தப்பினார்கள். பெரும்பகுதி ஆஸ்திரியாவுக்குத்தான் வந்தது. அந்த நாடு நான்கு வல்லரசுகளின் பிடியிலிருந்து விடுபட்டு அப்போதுதான் ஓராண்டு ஆகியிருந்தது. உன் எல்லை, உன் பாடு என்று யாரும் சொல்லவில்லை. 37 நாடுகள் சேர்ந்து 1,80,000 பேரைப் பிரித்து எடுத்துக்கொண்டன. பனிப்போர்க் காலத்து அரசியல் லாபம் அதில் இருந்தது என்பது உண்மை. லாபத்துக்காகச் செய்த நல்லதும் நல்லதுதான்.

1979 இன்னும் பொருத்தமான பாடம். வியட்நாமிலிருந்து படகில் தப்பியவர்கள் ஆயிரக்கணக்கில் வந்துகொண்டிருந்தபோது மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா உள்ளிட்ட ஐந்து நாடுகள், இனி ஒருவரையும் ஏற்க மாட்டோம் என்று ஜூன் மாதம் கைவிரித்தன. படகுகளைக் கடலுக்கே திருப்பித் தள்ளின. ஜூலையில் ஜெனீவாவில் 65 அரசுகள் கூடின. மீள்குடியமர்த்தலுக்கு, அதாவது அகதிகளை வேறு நாடுகள் அழைத்துக் குடியேற்றுவதற்கு, ஒதுக்கிய இடங்கள் 1,25,000-லிருந்து 2,60,000 ஆயின. தூரத்து நாடுகள் அழைத்துக்கொள்ளும் என்பது எண்ணோடு உறுதியானதும், பக்கத்து நாடுகள் தற்காலிகமாகக் கரையேற விட்டன. வருகிறவர்களில் யார் அகதி என்று பிரித்துப் பார்க்க 1989-ல் இன்னொரு திட்டம் போட்டார்கள். வியட்நாம், கம்போடியா, லாவோசிலிருந்து வந்தவர்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடைசியில் புது நாடுகளில் குடியேறினார்கள். குறைகள் இல்லாமல் இல்லை. 1989 திட்டத்தின் சல்லடையில் நியாயமான பலர் தவறவிடப்பட்டார்கள், விருப்பமில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. ஆனால் ஏழை நாடு கதவைத் திறந்து வைத்திருக்க எது தேவை என்பதை அது காட்டியது. வந்தவர்கள் காலமெல்லாம் தன் தலையில்தான் என்ற பயம் போக வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு நாட்டுக்குள் இதையே நீங்கள் சிக்கல் இல்லாமல் செய்கிறீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் தஞ்சம் கேட்டு வருகிறவர்களை 16 மாநிலங்களுக்கும் பிரிக்க ஒரு விகிதம் இருக்கிறது. வரி வருவாய்க்கு மூன்றில் இரண்டு பங்கு எடை, மக்கள்தொகைக்கு மூன்றில் ஒரு பங்கு. எல்லையோர மாநிலம் என்பதற்காக பவேரியாவே எல்லாரையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே யாராவது சொன்னால் சிரிப்பார்கள். உலக வரைபடத்தில் மட்டும் அதே வாதம் சிரிப்பை வரவழைப்பதில்லை.

பணத்தை மட்டும் கட்டிவிட்டு ஆட்களை அங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்வதையும் என்னால் ஏற்க முடியாது. 1997-ல் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் பீட்டர் ஷக், எத்தனை அகதிகளை ஏற்க வேண்டும் என்று நாடுகளுக்கு ஒதுக்கீடு கொடுத்து, அதை விலைக்கு மாற்றிக்கொள்ள விடலாம் என்று யோசனை சொன்னார். 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற ஒப்பந்தமும், ஒருவரை ஏற்காவிட்டால் 20,000 யூரோ கொடுக்கலாம் என்கிறது. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு இது மேல், அவ்வளவே. எல்லாப் பணக்கார நாடுகளும் பணத்தையே தேர்ந்தெடுத்தால் கென்யாவின் தடாப் முகாம் என்னவாகும்? 1991-ல் திறந்த முகாம் அது. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அங்கேயே பிள்ளைகள் பிறந்துவிட்டன. வெளியேற ஒரு கதவு வேண்டும். அந்தக் கதவுக்குப் பெயர் மீள்குடியமர்த்தல். ஓர் ஆண்டில் அதன் வழியாகப் போகிறவர்கள் உலக அகதிகளில் ஒரு சதவீதம்கூட இல்லை. 2024-ல் போன 1,88,800 பேரில் பாதிக்கு மேல் அமெரிக்காவுக்குத்தான் போனார்கள். 2025 ஜனவரி 20 அன்று அந்நாட்டு அதிபர் இட்ட ஓர் ஆணையில் அந்த வழி அடைபட்டது, அடுத்த நிதியாண்டுக்கான உச்சவரம்பு 7,500 என்று ஆயிற்று. ஒரே தூணில் கூரையை நிறுத்தினால் இப்படித்தான். கனடாவில் 1970-களின் இறுதியிலிருந்து சாதாரணக் குடிமக்கள் குழுவாகச் சேர்ந்து, அகதிக் குடும்பங்களைப் பொறுப்பேற்று வரவழைக்கிறார்கள். இதுவரை வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். அரசுகள் தயங்குகிற இடத்தில் மக்கள் தயங்கவில்லை.

தாங்குகிற நாடுகள் எல்லாம் புண்ணியவான்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பாகிஸ்தான் 2023 இறுதியிலிருந்து ஆப்கானியர்களை லட்சக்கணக்கில் வெளியேற்றியது. கென்யா 2016-ல் தடாப்பை மூடப் போவதாக அறிவித்து, அடுத்த ஆண்டு அதன் உயர் நீதிமன்றமே தடுத்தது. வேலை உரிமை கொடுக்க மறுக்கிற நாடுகள் பல. உகாண்டா நேர்மாறு. 2006 சட்டப்படி வேலை பார்க்கலாம், எங்கும் போகலாம், சிறு நிலத்துண்டும் கிடைக்கும். அங்கேயும் 2018-ல் அகதிகள் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டிய முறைகேடு வெளிவந்தது. ஆனால் அந்த முறைகேட்டுக்கு முன்பே, 2017-ல் கம்பாலாவில் கூடி உகாண்டா 200 கோடி டாலர் கேட்டபோது, ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் உறுதி சொன்னீர்கள். நன்றாகச் செய்கிற நாட்டுக்கு இதுதான் பரிசு என்றால் மற்ற நாடுகள் அதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளும்? ஜோர்டானோடு 2016-ல் செய்த உடன்பாட்டில் இரண்டு லட்சம் சிரியர்களுக்கு வேலை அனுமதிக்கு ஈடாக ஐரோப்பிய வணிகச் சலுகையும் சலுகை வட்டிக் கடனும் கொடுத்தீர்கள். யோசனை நல்லது. கடன் என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. அடுத்த வீட்டில் தீப்பிடித்து ஓடிவந்தவர்களுக்கு இடம் கொடுத்தவர், அதற்காகக் கடனாளி ஆக வேண்டுமா?

எந்தப் போரை யார் தொடங்கினார்கள், யார் ஆயுதம் விற்றார்கள் என்ற பழைய கணக்கை நான் கிளறவில்லை. கிளறினால் இந்த மடல் முடியாது, உங்களில் சிலருக்குத் தொகையும் கூடிவிடும்.

2027-ல் வரும்போது இரண்டே எண்களைக் கொண்டு வாருங்கள். ஒன்று, அமைதிப்படைக்குப் பயன்படுத்தும் அதே முறையில் அகதிகளுக்கான செலவில் உங்கள் நாட்டுக்கு வருகிற சந்தாத் தொகை. 20-வது பத்தியைத் திருத்தப் பொதுச்சபையில் ஒரு தீர்மானம் போதும், புதிய ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை. இன்னொன்று, அடுத்த நான்கு ஆண்டுகளில் ஆண்டுக்கு எத்தனை பேரை அழைத்துக்கொள்வீர்கள் என்பது. ஆட்சி மாறினாலும் குறையாது என்று உங்கள் நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட எண்ணாக அது இருக்கட்டும். இரண்டையும் கையெழுத்தோடு மேசையில் வைத்துவிட்டு உட்காருங்கள். பாராட்டுரைக்கு ஒதுக்கிய ஐந்து நிமிடத்தை அத்ரேயிலிருந்து வருகிறவருக்குக் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
உறுதிமொழிகளை எல்லாம் ஒன்றுவிடாமல் படித்துவரும் ஒரு வாசகர்